ஆட்டுக்குட்டி பிடித்த கொடி

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வாரம். காஜா பெராங்கில் நான் ஏறிய பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு பேர் இருந்தார்கள். அதில் இளையவருக்குக் கையெல்லாம் பெயிண்ட்.

"ஆட்டுக்குட்டி கையில நம்ம நாட்டுக் கொடியக் குடுத்துட்டேன் மச்சான்," என்றார் அவர்.

"எந்த ஆட்டுக்குட்டி?"

"சர்ச்சு சுவத்துல வரையச் சொன்னது. ஃபாதர் குடுத்த படம் கறுப்பு வெள்ளை. ஆடு முன்னங்காலால கொடி பிடிச்சிருக்கு. ஏன்னு கேட்டேன். ஆடுன்னா ஏசு, கொடின்னா அவரு சாவை ஜெயிச்சதுக்கு அடையாளம்னாரு. நான் ஒரு வாரமா கடை கடையா புதுக்கொடிதான வரையறேன்? கை தானா பிறையும் நட்சத்திரமும் போட்டுருச்சு."

"அடப்பாவி! என்ன போட்டிருக்கணும்?"

"வெள்ளையில சிவப்புச் சிலுவை."

"வேலையில இருந்து நிப்பாட்டிட்டாரா?"

"அப்படித்தான் பயந்தேன். அவரு வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு! இந்த ஞாயித்துக்கிழமை மட்டும் இருக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும், திங்கக்கிழமை மாத்திடுன்னுட்டாரு."

மச்சான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அக்காவையும் புள்ளைங்களையும் ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டு வந்துடுங்க மச்சான். திங்கக்கிழமை அழிச்சிருவேன்."

"நீயேவா?"

"பின்ன? வேற ஆள அதுமேல கை வைக்க விடுவேனா?"