நெஞ்சுக்குள் வைத்த மெஷின்

நான் மெல்லிய தூக்கக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓட்டின் மேல் பூனை நடந்தாலும் எனக்கு விழிப்பு வந்துவிடும். கலியாணம் பேசும்போது இதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை.

மிஸ், நேற்று பொலிஸ் ஸ்டேஷனில் நான் சொன்னதை நீங்கள் சிங்களத்தில் எழுதி எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். நான் அழுதுகொண்டே சொன்னதாக அதில் இருந்தது. நான் அழவில்லை. அதனால்தான் என் கையாலேயே தமிழில் எழுதித் தருகிறேன். இதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜுனைதா. வயது நாற்பத்தொன்று. வீடு யட்டவத்தையில். என் புருஷன் றம்ஸீன். எங்களுக்கு ஹம்னா என்று பன்னிரண்டு வயதில் ஒரே மகள்.

கலியாணமான முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. குறட்டை என்றால் சிரிப்பீர்கள். குறட்டையில் பயமில்லை, மிஸ். குறட்டை நிற்பதில்தான் பயம். நெஞ்சு எழும்பும், தாழும், ஆனால் மூச்சு வராது. நான் எண்ணுவேன். இருபது, முப்பது, சில நேரம் நாற்பது. பிறகு முழங்கையால் இடிப்பேன். தண்ணீருக்குள் போனவன் மேலே வருகிற மாதிரி ஒரு சத்தத்தோடு மூச்சு திரும்பும். பதினாலு வருஷம் இதைச் செய்தேன். அவர் உயிரோடு இருந்ததற்கு யார் காரணம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பகலில் அவர் பாதி மனுஷன்தான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் தூங்குவார். ஜும்ஆ பிரசங்கத்தில் தூங்குவார். பலாபத்வலையில் ஒரு வாசனைச் சாமான் கடைக்கு லொறி ஓட்டினார். ஒருநாள் மதகில் கொண்டுபோய் மோதினார், வேலை போனது. தூக்கத்தில் தொண்டை அடைபடுகிறது என்றார் கண்டி டாக்டர். முகத்தில் மாட்டிக் காற்றடிக்கிற மெஷின் ஒன்று தந்தார். தலையணையை வைத்து அமுக்குகிற மாதிரி இருக்கிறதென்று இவர் அரை மணித்தியாலத்தில் கழற்றி எறிந்துவிடுவார்.

அந்த வருஷங்களில் வீடு என் கையில் இருந்தது. கூரைக்கு என்ன தகரம், ஹம்னாவுக்கு எந்தப் பள்ளிக்கூடம், நோன்புப் பெருநாளுக்கு யாரைக் கூப்பிடுவது, எதைக் கேட்டாலும் "நீயே பாத்துச் செய்" என்பார். வீட்டுக்குப் பின்னால் ஒன்பது மிளகுக் கொடி வைத்து வளர்த்தேன். நான் குறை சொல்லவில்லை. அது நல்ல வாழ்க்கை.

பிறகு அவருடைய தாத்தா, கூடப் பிறந்த அக்கா, ஜஸ்லா சிங்கப்பூரிலிருந்து வந்தா. அவரைவிட நாலு வயது மூத்தவ, அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நெஞ்சுக்குள் வைக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது என்று சொன்னதே அவதான். தம்பியைச் சிங்கப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனா. வலது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒன்றை வைத்துத் தைத்து, அங்கிருந்து ஒரு மெல்லிய வயரை நாக்கை அசைக்கிற நரம்புக்குக் கொண்டுபோயிருந்தார்கள். படுக்கும்போது கையில் ஒரு ரிமோட்டை எடுத்து அந்த இடத்தில் வைத்து அமுக்க வேண்டும். ஆள் தூங்கிய பிறகு, ஒவ்வொரு மூச்சுக்கும் அது நரம்பைத் தட்டும், நாக்கு முன்னால் நகரும், தொண்டை திறந்திருக்கும். வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி பக்கத்தில் இருந்து பார்த்தேன். சத்தமே இல்லை. எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு மாதத்தில் அவர் விழித்துக்கொண்டார். முழுதாக விழித்துக்கொண்டார். பதினாலு வருஷம் கண்ணில் படாதது எல்லாம் படத் தொடங்கியது. அலுமாரி ஏன் இங்கே இருக்கிறது, கறியில் ஏன் இவ்வளவு உப்பு, ஹம்னா ஏன் தன்னிடம் கேட்காமல் டியூஷன் போகிறாள். ஒரு வேன் வாங்கி, யட்டவத்தையிலிருந்து மாத்தளைக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார். வேன் நிறுத்த இடம் வேண்டும் என்று ஒருநாள் நான் கடைக்குப் போய் வருவதற்குள் ஒன்பது கொடியையும் வெட்டிப் போட்டிருந்தார். காய் பிடித்திருந்த கொடிகள். "மிளகு கடையில வாங்கலாந்தானே," என்றார்.

ஜஸ்லா மறுபடி வந்தபோது வீட்டில் விருந்து வைத்தோம். பத்துப் பன்னிரண்டு பேர். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"தாத்தா, நீங்கதான் என்ன மனுசனாக்கினீங்க. இவ பதினாலு வருசம் இடிச்சு இடிச்சே என்னத் தூங்க விடல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். ஜஸ்லா என் தோளைத் தட்டினா. "பாவம், இனி அவளுக்கும் ரெஸ்ட்தானே. வேணுமெண்டா மகளோட படுக்கலாம்."

"ஓ, அதுதான் நல்லம்," என்றார் இவர். அன்றைக்கே என் பாயும் தலையணையும் ஹம்னாவின் அறைக்குப் போயின.

நான் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடிக்கிற ஆள் நான் இல்லை.

முதல் தடவை சும்மா பார்க்கத்தான் செய்தேன். அவர் தூங்கிய பிறகு ரிமோட்டை எடுத்து மெஷினை நிறுத்தினேன். சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோது திரும்பப் போட்டேன். அடுத்த நாள் பின்னேரம் கதிரையில் இருந்தபடியே வாய் திறந்து தூங்கிவிட்டார். மூச்சு நின்றது. நான் போய்த் தோளை அசைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல வேளைக்கு நீ எழுப்பின," என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

அதனால் அடுத்த ராத்திரியும் நிறுத்தினேன். அதற்கடுத்த ராத்திரியும். மொத்தம் பதினொரு ராத்திரி.

அவர் என்னிடம் வந்து சொல்லாமல் இல்லை. ஒன்பதாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையோடு குசினி வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஜுனைதா, மெஷின் பழுதோ தெரியல்ல. அடிச்சுப் போட்ட மாதிரி ஈக்குது உடம்பு. இண்டக்கி வளைவுல ஒரு செக்கன் கண் மூடிட்டு."

"மெஷின் பாக்கிற கொழும்பு டாக்டர்ட காட்டுங்க."

"வார மாசந்தான் நாள் தந்தீக்கி. அதுவரைக்கும் வேன நிப்பாட்டுவமா எண்டு யோசிக்கிறேன். லாபிருக்கிட்டயும் மத்தப் பிள்ளைகள்ட ஆக்கள்கிட்டயும் சொல்லிட்டா வேற வேன் பாத்துக்குவாங்க."

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கையை நிறுத்தாமல் சொன்னேன். "தவணைச் சோதன நடக்குது. இப்ப நிப்பாட்டினா பிள்ளைகள் எப்படிப் போற? ஆக்கள் என்ன சொல்லுவாங்க? ஒரு பிளேன்டி குடிச்சிட்டு ஓட்டுங்க."

"அதுவும் சரிதான்," என்றார். அந்தக் காலத்தில் சொல்கிற மாதிரியே சொன்னார். எனக்கு மனம் குளிர்ந்தது என்பதை மறைக்கவில்லை.

மிஸ், நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். நான் வேனைத் தொடவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. ஓட்டச் சொல்லி யாரையும் கட்டி ஏற்றவில்லை. மெஷின் இல்லாமலும் அவர் பதினாலு வருஷம் உயிரோடு இருந்தவர்தானே. ஒரு மனுஷனை அவன் பழைய இயல்பில் விட்டேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு முன்னால், பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவரும்போது, வேன் வளைவில் திரும்பாமல் நேராகப் போய் ஓடைக்குள் விழுந்தது. றோட்டில் பிரேக் பிடித்த அடையாளமே இல்லை என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். லாபிரின் மகன் ஹஸீபுக்கு ஒன்பது வயது. தோட்டத்து மாரிமுத்துவின் மகள் நிரோஜாவுக்கு ஏழு. இரண்டு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குக் கை கால் முறிவு.

இவருக்கு ஒரு கால் மட்டும் உடைந்தது. கோர்ட்டில் "நான்தான் தூங்கிட்டேன்" என்று தானாகவே சொன்னார். பிணையில் வந்த அன்றைக்கே ஊன்றுகோலோடு லாபிர் வீட்டுக்குப் போனார். நான்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். வாசலில் தரையில் உட்கார்ந்து, "மன்னிச்சுக்கங்க" என்று கதறினார். லாபிர் கதவைத் திறக்கவில்லை. ஹஸீபின் உம்மா மட்டும் ஜன்னலால் என்னைப் பார்த்து, "உங்களயும்தானே அல்லா சோதிக்கிறான்," என்று அழுதா. நான் தலையை ஆட்டினேன். நிரோஜாவின் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினேன்.

மூன்று மாதம் அவர் மெஷினைத் தொடவில்லை. தனக்கு நல்ல தூக்கம் ஹராம் என்றார். என் பாயை நான் திரும்ப அவர் அறைக்குக் கொண்டுபோனேன். மறுபடி எண்ணினேன், இடித்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே எழும்பினார். அந்த மூன்று மாதமும் எங்களுக்குள் ஒரு சண்டைச் சத்தம்கூட வரவில்லை.

மெஷினைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவருடைய லோயர். பழுதென்றால் தண்டனை குறையுமாம். எதற்கு வீண் அலைச்சல் என்று நான் சொன்னேன். கொழும்பு டாக்டர் ஒரு சின்னத் திரையை வைத்துப் பார்த்தார். மெஷினில் பழுது இல்லை. ஆனால் எப்போது போட்டது, எப்போது நிறுத்தியது என்பதெல்லாம் அதற்குள் பதிந்து இருந்தது. பதினொரு ராத்திரி பத்தரை மணி அளவில் நின்று, விடிய நாலரைக்கு மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது.

றம்ஸீன் அந்தத் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வருகிற வழியில் பஸ்ஸில் வேறு ஸீட்டில் போய் இருந்தார். அந்தப் பார்வைக்கு நான் என்ன செய்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஆம், நிறுத்தியது நான். பதினொரு ராத்திரியும் நான்தான். இதற்கு மேல் நீங்கள் எழுத வேண்டியதில்லை.

நீங்கள் கடைசியாக ஒன்று கேட்டீர்கள். நேற்று பதில் சொல்ல மனமில்லை, இப்போது சொல்கிறேன். ஹம்னாவும் வழமையாக அந்த வேனில்தான் பள்ளிக்கூடம் போவாள், டிரைவருக்குப் பின் ஸீட்டில். மூன்றாம் நாளிலிருந்து அவளை நான் பஸ்ஸில் அனுப்பினேன். வேனில் புகை மணம், பிள்ளைக்குத் தலை சுற்றுகிறது என்று அவரிடம் சொன்னேன். அது ஏன் என்று கேட்டீர்கள். நீங்களும் ஒரு பிள்ளைக்குத் தாய் என்று சொன்னீர்களே, மிஸ். ஓட்டுகிறவர் தூங்கி விழுகிறார் என்று தெரிந்த பிறகு, எந்தத் தாய் தன் பிள்ளையை அந்த வேனில் ஏற்றுவாள்?