கம்பியை விட்டு நாலடி

பிசியோ: காலைப் பாக்காதீங்கண்ணே. எதிர்ச் சுவரைப் பாருங்க.

டிரைவர்: இருபது வருசமா ரோட்டைப் பாத்தே லாரி ஓட்டினவன் மேடம். கீழ பாக்காம எப்படி...

பிசியோ: தரை எங்கயும் ஓடிடாது. முதல்ல குதிகால்... ம்... அப்புறம் விரல். இப்ப ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற கம்பியை விடுங்க.

டிரைவர்: விடவா?

பிசியோ: இடுப்புப் பட்டையை நான் பிடிச்சிருக்கேன்.

டிரைவர்: ஒண்ணு... ரெண்டு... பிடிச்சிருக்கீங்கள்ல?

பிசியோ: இல்ல. முதல் அடியிலயே விட்டுட்டேன். பேசாம நடங்க.

டிரைவர்: மூணு... நாலு...

பிசியோ: போதும், கம்பியைப் பிடிச்சுக்கங்க. என்னண்ணே, வலிக்குதா?

டிரைவர்: இல்ல மேடம். ஒரு வாய் தண்ணி குடுங்க.

பிசியோ: இந்தாங்க. மெதுவா.

டிரைவர்: லாரி கவுந்து தொடை எலும்பு மூணா போச்சு. பிளேட் வச்ச டாக்டரே ‘பாக்கலாம்’னுதான் சொன்னாரு. நீங்க வந்து கால் கட்டை விரலை ஆட்டச் சொன்னீங்க. காலே போயிடுமோன்னு கிடக்கேன், இந்தம்மா விரலை ஆட்டச் சொல்லுதேன்னு உள்ளுக்குள்ள திட்டினேன்.

பிசியோ: உள்ளுக்குள்ளயா? வார்டு பூரா கேட்டுச்சு.

டிரைவர்: கேட்டுச்சா... மனசுல வச்சுக்காதீங்க. அப்புறம் முட்டிக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சு, அமுக்கு அமுக்குன்னீங்க. பத்து நாள் ஒரு அசைவு இல்ல. பதினோராம் நாள் தொடையில எறும்பு ஊர்ற மாதிரி ஒரு துடிப்பு. நீங்க சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிட்டீங்களே... என்னை விட உங்களுக்குத்தான் சந்தோசம். அதை மறக்க மாட்டேன் மேடம்.

பிசியோ: அமுக்கினது நீங்க. சரி, நடந்ததை வீட்ல சொல்லுங்க. பொண்ணு வேற இருக்கால்ல?

டிரைவர்: இருக்கா... இப்ப என் வீட்டுக்காரியோட அக்கா வீட்ல இருக்கா. அப்பன் படுத்துக் கிடக்கிறதை அவ பாக்க வேணாம்னு நான்தான் அனுப்பச் சொன்னேன்.

பிசியோ: ம்.

டிரைவர்: மேடம்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லலை.

பிசியோ: உக்காந்து சொல்லுங்க.

டிரைவர்: நின்னுட்டே சொல்றேன். அவளுக்கு நாலு வயசு. குறை மாசத்துல பிறந்தவ. இன்னும் நடக்கலை. காலு ரெண்டும் விறைச்சுக்கும், குதிகால் தரையில படாது. பயிற்சி குடுத்தா நடப்பான்னு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்தாரு. என் வீட்டுக்காரி கெஞ்சினா. நான் சீட்டைக் கிழிச்சுப் போட்டேன்.

பிசியோ: ஏண்ணே?

டிரைவர்: வெக்கம், வேறென்ன. இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டு வந்தா, நடக்காத பிள்ளைன்னு நாலு பேருக்குத் தெரிஞ்சிடுமேன்னு. ‘தானா நடப்பா, தானா நடப்பா’ன்னு சொல்லிச் சொல்லி ரெண்டு வருசம் என் வீட்டுக்காரி வாயை அடைச்சேன்.

பிசியோ: கம்பியை இறுக்கிப் பிடிங்கண்ணே.

டிரைவர்: நாப்பத்தாறு வருசம் நடந்த காலு மேடம் இது. இதுவே தானா நடக்கலையே. ஒவ்வொரு அடியும் நீங்க சொல்லிக் குடுத்தது. அப்ப அந்தப் பச்சை மண்ணுக்கு...

பிசியோ: இன்னும் கொஞ்சம் தண்ணி?

டிரைவர்: வேணாம். அவளைக் கூட்டிட்டு வரட்டுமா? இல்ல... ரெண்டு வருசத்தைப் பாழாக்கிட்டியே, இனிமே ஒண்ணும் ஆகாதுன்னா, அதையும் இப்பவே சொல்லிடுங்க.

பிசியோ: நானும் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேண்ணே.

டிரைவர்: என்ன மேடம்?

பிசியோ: நீங்க அட்மிட் ஆன மறுவாரமே, கிழிஞ்ச சீட்டை ஒட்டி எடுத்துக்கிட்டு உங்க வீட்டம்மா என்கிட்ட வந்தாங்க. அவர் வாயால கேக்கிற வரைக்கும் சொல்லாதீங்கன்னாங்க. அன்னிலேருந்து இந்த மூணு மாசமா வாரத்துக்கு மூணு நாள், நீங்க வர்றதுக்கு முந்தின மணி நேரம் அவளுக்குப் பயிற்சி.

டிரைவர்: மேடம்... இப்ப... இப்ப எங்க அவ?

பிசியோ: பக்கத்து ரூம்ல பெரியம்மா ஷூ மாட்டி விடுறாங்க. இருங்க, எங்க கிளம்பிட்டீங்க? நீங்க போக வேணாம். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க... அவளே நடந்து வருவா.