ஆறாவது மாடி அக்காவும் கடைசிப் பகுதியும்

வெண்திரை விரித்த இம்மண்டப விழாவுக்குத் தலைமை தாங்கி, தம்பி எப்போது பேச்சை முடிப்பான் என்று மேசை மணியின்மேல் விரல் வைத்துக் காத்திருக்கும் எங்கள் தலைவி அவர்களே! உடன்பிறந்த அக்காவை 'அவர்களே' என்று அழைக்கையில் நாக்கு சற்றே இடறுகிறது, அவை பொறுத்தருள வேண்டும். பேய் வந்தாலும் அஞ்சாமல், நடுவில் விளம்பரம் வந்தால் மட்டுமே அஞ்சும் பெரியோர்களே! கைக்குழந்தையை ஒரு தோளிலும் கண்ணீரை ஒரு கண்ணிலும் தாங்கிக்கொண்டு, பிணங்கள் எழுந்து நடக்கும் படத்தை இறுதிவரை பார்த்த வீரத் தாய்மார்களே! முழங்கையில் கட்டுடன் மூன்றாவது வரிசையில் முனகிக்கொண்டிருக்கும் எங்கள் மன்றத்துப் பேயே! உங்கள் அனைவருக்கும் இந்த லிஃப்ட் பழுது பார்ப்பவனின் பணிவான வணக்கம்.

கைதட்டலைச் சேமித்து வையுங்கள். இன்று நிறையத் தேவைப்படும்!

இம்மன்றத்தைப் பற்றி வெளியில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "பேய்ப்படமும் விண்வெளித் தொடரும் பார்க்கிற வேலையத்த கும்பல்" என்கிறார்கள். வேலையற்றவர்களா நாம்? மருத்துவமனையில் நின்று நின்று கால் வீங்கும் செவிலியர் வேலையற்றவரா? நெரிசல் சாலையில் நெளிந்து நெளிந்து பேருந்து ஓட்டுபவர் வேலையற்றவரா? துணியும் ஊசியுமாக முப்பது ஆண்டு குனிந்திருந்த தையல்காரி என் அக்கா வேலையற்றவளா? வாரம் முழுவதும் உண்மையான பூதங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை பிற்பகல் பொய்யான பூதத்தைப் பார்த்து இளைப்பாறுகிற நாற்பது உழைப்பாளிகளின் மன்றம் ஐயா இது!

நம் மன்றத்துக்கு விதிகள் இரண்டே இரண்டு. புதிதாய் வந்த அண்டை வீட்டார்க்காகச் சொல்கிறேன். முதல் விதி, படத்தில் அவரவர் தொழில் பற்றி மட்டுமே குற்றம் சொல்லலாம். இரண்டாம் விதி, தொடரின் கடைசிப் பகுதியை யாரும் தனியே பார்க்கக் கூடாது. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில்.

முதல் விதியின் அருமையைப் பாருங்கள். இவ்வாண்டு வந்த 'பசித்த நகரம்' படத்தைப் பத்திரிகைகள் எல்லாம் பாராட்டின. பிணங்கள் நகரையே விழுங்குகின்றன, நாயகன் மருந்தைக் கண்டுபிடித்துக் காதலியின் கையில் குத்துகிறான், அரங்கமே ஆர்ப்பரிக்கிறது. நம் செவிலியர் மட்டும் எழுந்து நின்று, "ஊசியோட மூடியையே கழட்டலையே சார், அவ எப்படிப் பொழச்சா?" என்றாரே! அன்றோடு அந்தப் படம் என் மனத்தில் மாண்டது. 'நூறாண்டு விருந்தாளி' எனும் பேய்ப்படத்தில், நூறாண்டுக்கு முன் இறந்தவள் வெள்ளை கவுனில் வருகிறாள், திரும்புகிறாள், முதுகில் ஜிப்பு! என் அக்கா, "செத்தப்போ ஜிப்பு இருந்துச்சாடா?" என்றாள். அப்புறம் அந்தப் பேய் எத்தனை முறை அலறினாலும் நமக்கு அதன் முதுகுதான் தெரிந்தது.

குறை மட்டுமே கண்டோமா? இல்லை. 'நேற்று மாலை நாலு மணி' படத்தில் ஒரு பேருந்தே காலயந்திரம். நம் ஓட்டுநர் அண்ணன் கணக்கெடுத்தபடி, அந்த நாயகன் ஒரே தெருவில் இருபத்து மூன்று முறை கியர் மாற்றுகிறான். ஆனாலும் சொல்கிறேன், அது நல்ல படம். உலகைக் காப்பாற்றவா அவன் காலம் தாண்டிப் போனான்? அன்று எடுக்காமல் விட்ட ஒரு தொலைபேசி அழைப்பை எடுக்கப் போனான்! அந்தக் காட்சியில் நான் அழுதேன். ஆம் ஐயா, அழுதேன். பின் வரிசையில் சிரிக்கிறவரே, நான் மூக்கைத் துடைத்தது உங்கள் கைக்குட்டையில்தான்!

இந்த ஆண்டின் மகுடம் எது? 'தொலைதூரத் தபால் நிலையம்'! எட்டுப் பகுதி, ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. விண்வெளியின் கடைக்கோடியில் ஒரு தபால்காரி. கடிதங்கள் முப்பது ஆண்டு தாமதமாக வருகின்றன. எழுதியவர் இருப்பாரோ இல்லையோ, வாசிப்பவர் வருவாரோ மாட்டாரோ, ஆனாலும் ஒவ்வொரு கதவாகப் போய்த் தட்டுகிறாள். ஏழாம் பகுதியின் முடிவில் பையில் ஒரே ஒரு கடிதம் மிச்சம். திருப்பிப் பார்க்கிறாள். அவள் பெயருக்கே வந்த கடிதம்! அதில் என்ன எழுதியிருக்கிறது? ஊருக்கெல்லாம் தெரியும். இந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஐந்து வாரமாகத் தெரியாது!

ஏன் தெரியாது? அதைச் சொல்ல வேண்டுமானால், ஒரு கெட்ட படத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் 'இறங்கும் மாடி' என்றொரு படம் வந்தது. விளக்கு அணைகிறது, வடம் அறுகிறது, லிஃப்ட் பாதாளம்வரை விழுகிறது. இவ்வாண்டு அதன் இரண்டாம் பாகமும் வந்திருக்கிறது. இதில் இரண்டு லிஃப்ட் விழுகின்றன, முன்னேற்றம்தான்! முதல் பாகத்தை அக்காவும் நானும் சேர்ந்துதான் பார்த்தோம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அன்று முதல் அவள் லிஃப்டில் ஏறவில்லை. இதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் குடியிருந்துகொண்டு, பதினோரு ஆண்டு, துணி மூட்டையோடு, படி படி படி என்று ஏறி இறங்கினாள்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் முழங்கால் மூட்டு கைவிட்டது. "இனிமே படியே கூடாதும்மா" என்றுவிட்டார் மருத்துவர். படி கூடாது, லிஃப்ட் ஆகாது. எட்டு மாதம் அந்த ஆறாவது மாடி வீட்டை விட்டு அவள் வெளியே வரவில்லை. தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். ஊரில் முந்நூறு லிஃப்டுக்கு நான் பாதுகாப்புச் சான்று எழுதுகிறேன்; என் கூடப் பிறந்தவளை ஒரே ஒரு லிஃப்டில் ஏற்ற எனக்கு வக்கில்லை. அவமானமாக இருந்தது. வேறெப்படிச் சொல்வது?

நான் முயலவில்லையா? முயன்றேன்! அங்கேதான் என் தொழில் புத்தி என்னைக் கவிழ்த்தது. அருகில் உட்கார்ந்து அன்பாக விளக்கினேன். "அக்கா, மேல ஆறு ரோப் இருக்கு. அஞ்சு அறுந்தாலும் ஒண்ணு தாங்கும். ஆறும் அறுந்தாக்கூட, பக்கத்துத் தண்டவாளத்த பிரேக் கவ்விப் புடிச்சிக்கும். விழவே விழாது."

அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அப்போ அறும்னு நீயே சொல்ற."

"ஐயோ, அறுந்தாலும்னுதான சொன்னேன்..."

"எத்தன தடவ அறும்னு சொல்லுவ? எந்திரிச்சுப் போடா!"

பாதுகாப்பைச் சொல்லப் போய்ப் பயத்தை ஆறு மடங்காக்கிவிட்டு வந்தவன் உங்கள் முன் நிற்கிறேன். செவிலியர் அம்மா தலையில் அடித்துக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது.

எல்லோரும் மேலே போய் அவள் வீட்டிலேயே பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். போனோம். நாற்பது பேரும் போனோம்! கதவைத் திறந்தவள், "எனக்காக நீங்க ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்து சின்ன டிவியில கண்ணக் கெடுத்துக்க வேணாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். அதனால், இங்கே அவள் நாற்காலியில் என் பழைய கைப்பேசியை வைத்தோம். மேலே அவளும் கீழே நாமும் ஒரே நேரத்தில் ஏழு பகுதிகளைப் பார்த்தோம். நாற்காலி சிரித்தது, நாற்காலி திட்டியது. தபால்காரி தன் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தபோது, அந்த நாற்காலி விம்மியதையும் நாம் எல்லோரும் கேட்டோம்.

எட்டாம் பகுதிக்கு இரண்டாம் விதி குறுக்கே நின்றது. ஒரே அறையில் எல்லோரும்! "எனக்காக நிறுத்தாதீங்க, பாருங்க" என்றாள் அக்கா. பார்க்க மாட்டோம் என்றது மன்றம். அடடா, அந்த ஐந்து வாரம் என்ன பாடுபட்டீர்கள்! ஒரு நோயாளி "அந்தக் கடுதாசியில என்னன்னா..." என்று ஆரம்பித்ததும், நம் செவிலியர் அவர் வாயில் வெப்பமானியைச் செருகினார், கால் மணி நேரம் எடுக்கவே இல்லையாம்! முன் இருக்கைப் பயணிகள் இருவர் தொடரைப் பற்றிப் பேச, நம் ஓட்டுநர் அண்ணன் காலியான சாலையில் ஒலிப்பானை அடித்துக்கொண்டே போனார். புகார் வந்தது. விளக்கக் கடிதம் கொடுத்தார். கதையின் முடிவை மட்டும் கேட்கவில்லை!

செவிலியர் அம்மாதான் ஒருநாள் சொன்னார். "நீங்க வெளக்கினது போதும். படத்தாலதான பயந்தாங்க? நாமளே லிஃப்டுக்குள்ள ஒரு படம் எடுத்துருவோம்."

அக்காவிடம் போய்க் கேட்டோம். எங்கள் எல்லோரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சரி. ஆனா நான்தான் டைரக்டர். நான் கட்னு சொன்னா பொட்டி நிக்கணும்."

இன்று காலை பத்து மணி. ஆறாவது மாடி. அத்தான் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து லிஃப்டுக்குள் போட்டார். வாசலில் நின்ற அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த இடம் இப்போதும் சிவந்திருக்கிறது, பாருங்கள். ஒரு காலை வைத்தாள். மறு காலை வைத்தாள். உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆக்ஷன்" என்றாள்.

ஐந்தாவது மாடியில் கதவு திறந்தது. செவிலியர் அம்மா பிணமாக வந்து, மூடி கழற்றாத ஊசியைக் காட்டினார். அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள். நான்காவது மாடியில் பையோடு ஒரு தபால்காரி வேடம். மறு கண்ணும் திறந்தது. மூன்றாவது மாடியில் நம் ஓட்டுநர் அண்ணன், அத்தானின் படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு, முதுகில் ஒரு ஜிப்பைக் குத்திக்கொண்டு, ஆடி ஆடித் திரும்பினார். அக்கா சிரித்தாள் ஐயா! எட்டு மாதத்தில் அப்படி அவள் சிரித்துக் கேட்டதில்லை.

கதவு மூடியது. பெட்டி இறங்கியது. பேய் என்ன செய்தது? இரண்டாவது மாடியிலும் தானே பேயாக நிற்க வேண்டும் என்று படிக்கட்டை நோக்கி ஓடியது. விரிப்பின் வாலோ லிஃப்ட் கதவின் இடுக்கில்! இழுத்த வேகத்தில் பேய் முழங்கை அடிபட விழுந்தது, கதவின் பூட்டும் விலகியது. பூட்டு விலகினால் பெட்டி ஓடாது, அதுதான் அதன் ஏற்பாடு. இரண்டு மாடிகளுக்கு நடுவே, 'டக்' என்று நின்றது லிஃப்ட்!

பதினோரு ஆண்டாக எந்தக் காட்சிக்குப் பயந்தாளோ, அந்தக் காட்சிக்குள்ளேயே அவளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேனே! முந்நூறு லிஃப்ட் பார்த்த நான் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

"யாருடா கட் சொன்னது?" என்றாள்.

அவள் மேலே பார்த்தாள். விளக்கு எரிந்தது. மின்விசிறி சுழன்றது. காலால் தரையை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். இன்னொரு முறை, பலமாகத் தட்டினாள்.

"விழலையேடா."

"இல்லக்கா."

"நின்னுதான இருக்கு!"

"ஆமாக்கா. நிக்கத்தான் செய்யும்."

அவள் முக்காலியில் லிஃப்டின் சுவரோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அந்தப் படத்த எடுத்தவன் ஒரு நாளாவது லிஃப்டுல மாட்டியிருப்பானாடா? பதினோரு வருஷத்த வீணாக்கிட்டானே பாவி!" என்று தொடங்கியவள், அவனைத் திட்டினாள், திட்டினாள், நான் கைப்பேசியில் அண்ணனைக் கூப்பிட்டு, துணியை எடுக்கச் சொல்லி, பெட்டி மறுபடி நகரும்வரை திட்டிக்கொண்டே இருந்தாள். தரைத்தளம் வந்தது. கதவு திறந்தது. நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். அக்கா எழுந்து, "கட்" என்றாள்.

அப்புறம் நடந்துவந்து, அந்த நாற்காலியிலிருந்த கைப்பேசியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தன் இடத்தில் தானே உட்கார்ந்தாள்.

தட்டுங்கள் இப்போது! சேமித்ததையெல்லாம் தட்டுங்கள்!

வென்றது யார்? என் விளக்கமா? இல்லை. ஆறு வடமா? இல்லை. ஐந்து வாரம் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தீர்களே, நீங்கள் வென்றீர்கள்! விளையாட்டுக்கு ஒரு விதி வைத்து, அதை உயிராக மதித்த இந்த வேலையற்ற கும்பல் வென்றது! அச்சத்தை ஆசனம் போட்டு அமர்ந்து பார்த்தாளே, என் அக்கா வென்றாள்! இனி எவனாவது 'பேய்ப்படம் பார்த்து என்ன கண்டீர்கள்' என்று கேட்டால், இந்தத் தலைமை நாற்காலியைக் காட்டுங்கள்!

மணி அடித்துவிட்டாள். இதோ முடிக்கிறேன்.

ஒரு மணி நேரம் லிஃப்டை விட்டுக்கொடுத்துப் படியேறிய அண்டை வீட்டாருக்கு நன்றி. கட்டுப் போட்ட பிணத்துக்கும், கட்டுப் போட்டுக்கொண்ட பேய்க்கும் நன்றி. படுக்கை விரிப்பைப் பறிகொடுத்த அத்தானுக்குப் பெருநன்றி. ஒன்றே ஒன்று மிச்சம். படம் முடிந்து மேலே போகும்போது துணைக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சொன்ன பதிலை அவைக்கு அறிவிப்பது என் கடமை.

"பொத்தான நானே அமுக்கிக்கிறேன். நீ படியில வா."

ஆறு மாடி ஏறப்போகும் என் கால்களின் சார்பில் அனைவருக்கும் வணக்கம். விளக்கை அணையுங்கள், கடிதத்தைப் பிரிக்கட்டும் தபால்காரி!