அழுத்தொற்று

அத்தான், உங்கள் கையெழுத்து இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. "நடந்தது அத்தனையும் ஒரு தாள்ல எழுதிக் குடு. ஒண்ணு விடாம எழுது. உங்கக்கா கையில நானே குடுக்கறேன். அவ சொன்னதுதான் சரின்னு அவளுக்குத் தெரியணும்" என்று எழுதி என் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறீர்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் மனிதருக்குக் கோபம் வந்தால் கத்துவார், கையில் கிடைத்த திருப்புளியை வீசுவார் என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் சீட்டு எழுதினீர்கள். அந்த மரியாதைக்காகவே ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

முதலில் என் வேலை. "மாடியில உக்காந்து போன்ல என்னமோ பண்றான்" என்று என்னைப் பற்றி நீங்கள் சொல்வது காதில் விழுந்திருக்கிறது. நான் பண்ணுவது குறும்பதிவு எழுதுவது. ஒரு மெத்தைக் கடை, ஒரு பல் மருத்துவமனை, ஒரு குடை கம்பெனி, இவர்களுக்குச் சமூக ஊடகத்தில் ஆள் சேர்த்துக் கொடுக்கிறேன். அதற்காக நானே நடத்தும் பக்கத்தின் பெயர் 'நாலே வரி'. நாலு வரியில் ஒரு வாழ்க்கைத் தத்துவம், அதற்குக் கீழே மெத்தைக் கடையின் முகவரி. அவ்வளவுதான்.

இதில் கஷ்டம் எங்கே என்றால், நன்றாக எழுதினால் யாரும் நிற்க மாட்டார்கள். ஒரு இதயத்தைத் தட்டிவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவார்கள். நிற்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், கீழே இன்னொருவனோடு சண்டை போட வேண்டும். அப்போதுதான் அந்தப் பதிவு ஊரெல்லாம் சுற்றும். மூன்று வருடம் தலைகீழாக நின்று எழுதியும் எனக்கு அது கைகூடவில்லை. ஒருநாள் மெத்தைக் கடை விளம்பரத்தில் 'தலையணை' என்பதைக் கைதவறித் 'தலையனை' என்று அடித்துவிட்டேன். மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் திருத்த வந்துவிட்டார்கள். கடைக்காரர் காலையில் போன் செய்து என்னைத் திட்டோ திட்டென்று திட்டினார். மாலையில் மறுபடியும் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்கும் ஏதாச்சும் தப்பு பண்ணுங்க."

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று 'சிவப்பு மை' என்ற பெயரில் வந்திருந்தது. "கவனிக்க. தலையணை. மூன்று சுழி." அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினேழு வயதில் நான் எழுதி மறைத்து வைத்திருந்த காதல் கடிதத்தை அக்கா கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை, என்னை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஏழு இடத்தில் சிவப்பு மையால் திருத்தி, ஓரத்தில் "கவனிக்க. கண்களுக்கு மூன்று சுழி" என்று எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். நான் அதைப் பார்த்துப் புதிதாக எழுதித்தான் கொடுத்தேன். அந்தப் பெண் வேண்டாம் என்றது தனிக்கதை. கடிதத்தில் பிழை இல்லை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை.

ஆக, அது அக்கா என்று முதல் நாளே எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் வருவதை நிறுத்திவிடுவாள்.

இருபத்து மூன்று வருடமாகப் பள்ளிப் பாடநூல் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்க மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாததா? சாப்பாட்டு மேசையில் உங்கள் எதிரிலேயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.

"எவனோ ஒருத்தன்டா, நாலே வரின்னு பேரு வெச்சிருக்கான். நாலு வரியில அஞ்சு தப்பு. இவனையெல்லாம் யாரு எழுத விட்டது?"

"பாக்காம விட்டுத் தொலையேன்கா."

"எப்படிடா விடறது? கை பரபரங்குதே."

சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி பரிமாறுவாள். நான் சாப்பிட்டுவிட்டு மேலே போய் அடுத்த நாளுக்கான பிழையை யோசிப்பேன். சும்மா சொல்லக்கூடாது, அந்த மாதங்களில்தான் நான் உண்மையிலேயே உழைத்தேன். சுழியை மாற்றினால் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒற்று மிகும் இடத்தில் அதை விழுங்கிவிட்டால் அக்கா ஒருத்திதான் பிடிப்பாள். அவள் பிடித்ததும் "பெரிய பண்டிதை வந்துட்டாங்க" என்று மற்றவர்கள் அவளைப் பிடித்துக்கொள்வார்கள். அவளுக்கு 'ஒற்று அம்மணி' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான், வேறொரு கணக்கிலிருந்து. பரப்பியது நானில்லை. அதற்கு நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒருநாள் குடை கம்பெனிக்காரர் பிழையைத் திருத்தியே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். திருத்தினேன். பதிவைப் போட்ட பிறகும் உள்ளே போய் மாற்றலாம், எட்டு நொடி போதும். மாற்றிய பிறகு பார்த்தால், மேலே பதிவு சுத்தமாக இருக்கிறது, கீழே அக்காவின் திருத்தம் மட்டும் அநாதையாக நிற்கிறது. "எங்கம்மா தப்பு? கண்ணாடி மாத்துங்க" என்று ஒருவர் ஆரம்பித்தார். அன்று ஆயிரத்து நூறு கருத்துகள். அதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே அதுதான் அதிகம்.

அதற்குப் பிறகு அதையே பதினொரு தடவை செய்தேன். பிழையோடு போடுவேன். அக்கா வந்து "கவனிக்க" என்று எழுதும்வரை காத்திருப்பேன். எழுதியதும் பிழையை எடுத்துவிடுவேன்.

அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. என்னிடம் கேட்டாள். மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கையில் ஈரத் துண்டோடு நின்றபடி கேட்டாள்.

"ஏன்டா, போட்டதுக்கு அப்புறம் அத மாத்த முடியுமா?"

"முடியாதுக்கா."

"ஓரத்துல பொடி எழுத்துல 'திருத்தப்பட்டது'ன்னு இருக்கே?"

"அது எல்லாப் பதிவுக்கும் வரும்கா."

இந்த விஷயத்தில் அவளுக்குத் தெரிந்த விவரமான ஆள் நான் ஒருவன்தான். நம்பிவிட்டாள். துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கினாள்.

அடுத்த வாரம் நீங்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றதும் உங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வரும்போது எங்கள் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிவந்தீர்கள். அக்கா தன் பங்கைத் தொடவில்லை. கண் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு தலையில்தான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். எனக்கு அது புரிந்தது. பாவமாகவும் இருந்தது. அவள் ஐஸ்கிரீமை நான்தான் சாப்பிட்டேன்.

இனி அழுத்தொற்று. இந்தப் பகுதியைக் கொஞ்சம் பெருமையோடு எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தபோது தோன்றியது. 'முயற்சி' என்ற சொல்லில் ற் வருகிறது. அதற்குப் பின்னால் இன்னோர் ஒற்று வராது. தமிழில் இதைவிட உறுதியான விதி கிடையாது என்று சொல்லலாம். ஆனால் பாதிப் பேர் 'முயற்ச்சி' என்றுதான் எழுதுகிறார்கள். அந்தப் பாதிப் பேருக்கு ஒரு விதியைச் செய்து கையில் கொடுத்தால் என்ன? இப்படி எழுதினேன்:

"ஒருமுறை செய்தால் முயற்சி. விடாமல் செய்தால் முயற்ச்சி. அந்த ஒரு ச்-க்குப் பெயர் அழுத்தொற்று. நம் முன்னோர் காரணமில்லாமல் வைக்கவில்லை."

கூடவே ஒரு பழைய இலக்கண நூலின் பக்கம். மஞ்சள் தாள், தேய்ந்த அச்செழுத்து, ஓரத்தில் பூச்சி அரித்ததுபோல் இரண்டு ஓட்டை. அத்தனையும் நான் கணினியில் செய்தது. நரைத்த தாடி வைத்த ஒருவர் உட்பட மூன்று புலவர்களையும் உருவாக்கிக் கருத்துப் போட வைத்தேன்.

அக்கா எழுதினாள்: "கவனிக்க. வல்லின றகரத்துக்குப் பின் இன்னோர் ஒற்று வராது. எக்காலத்திலும் வராது. அழுத்தொற்று என்று ஒன்று இல்லவே இல்லை." அவள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கை தட்டத் தோன்றியது.

மூன்று புலவர்களைத்தான் நான் செய்தேன், அத்தான். மீதி இரண்டாயிரம் பேர் தாங்களாகவே வந்தார்கள். "எங்கள் வாத்தியார் அழுத்தொற்றை அடித்துச் சொல்லிக்கொடுத்தார்" என்று ஒருவர். "இதைத்தான் இந்தக் காலத்துப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்" என்று இன்னொருவர். அன்று காலையில் வாயில் நுரையோடு நான் கண்டுபிடித்த விதியை, ஐம்பது வருடத்துக்கு முன்னால் படித்ததாக ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சத்தியம் செய்தார். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

மூன்றாம் நாள் அக்கா மாடிக்கு வந்தாள். கையில் ஒரு தாள். அதில் முயற்சி, முயற்ச்சி, முயற்சி, முயற்ச்சி என்று மேலிருந்து கீழ்வரை எழுதியிருந்தாள்.

"எதுடா சரி? பாத்துப் பாத்து ரெண்டும் சரியாத் தெரியுது. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா ரெண்டும் தப்பாத் தெரியுது. எனக்கு என்னமோ ஆயிடுச்சுடா."

அழவில்லை. ஆனால் என் அக்கா அப்படி நின்று நான் பார்த்ததில்லை. தப்புச் செய்துவிட்டு வாத்தியார் முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி நின்றாள். அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் யோசித்தேன். பதிவு அப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

"ரெண்டாயிரம் பேருக்குமா தெரியாம இருக்கும்? நீ ஒருவேள படிக்கும்போது அந்தப் பாடத்துக்கு லீவு போட்டிருப்ப" என்றேன். சிரிக்க வைக்கத்தான் சொன்னேன்.

அன்று மாலை அந்தப் பதிவின் கீழே "தவறு என்னுடையது. அனைவரும் மன்னிக்கவும்" என்று எழுதினாள். 'கவனிக்க' இல்லாமல் அவள் எழுதிய முதல் கருத்து அது. அதற்கு மட்டும் ஒன்பதாயிரம் பேர் சிரிப்புக் குறி போட்டார்கள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் மேசையில் ஆறாம் வகுப்புப் புத்தகம் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் கொட்டை எழுத்தில் 'பயிற்சி' என்று வரும். பயிற்சி என்றால் விடாமல் செய்வதுதானே என்று யோசித்திருக்கிறாள். முப்பத்தொரு பாடம், முப்பத்தொரு இடம். ஒவ்வொன்றிலும் தன் கையாலேயே ஒரு ச்-ஐச் சேர்த்திருக்கிறாள். அவள் பார்த்த பிறகு அங்கே யாரும் மறுபடி பார்ப்பதில்லை. இருபத்து மூன்று வருடப் பழக்கம். புத்தகம் அச்சாகிப் பள்ளிகளுக்குப் போய், பிள்ளைகள் 'பயிற்ச்சி' என்று பார்த்து எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒரு ஆசிரியை போன் செய்தாராம்.

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, அவளாகவே விலகல் கடிதம் எழுதினாள் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதிவிட்டு என்னிடம் கொண்டுவந்தாள் என்பது தெரியாது. "நீ ஒரு தடவ பாத்துடுடா" என்றாள். பார்த்தேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. "சரியா இருக்குக்கா" என்றேன். அந்த வருடத்தில் நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். இப்போது மளிகைப் பட்டியலைக்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் கடைக்கு அனுப்புகிறாள்.

மின்விசிறியைப் பார்க்க நீங்கள் மேலே வந்த அன்று, கணினித் திரையில் நரைத்த தாடிப் புலவர் பாதிக் கருத்தில் நின்றுகொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டேன். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள், மின்விசிறியைச் சரிசெய்துவிட்டு இறங்கிப் போனீர்கள். இப்போது நன்றாகச் சுற்றுகிறது. நன்றி.

ஏன் செய்தேன் என்று உங்கள் சீட்டில் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை, அத்தான். மெத்தைக் கடைக்காரர் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறார். வந்து சண்டை போடுகிறவர்கள் ஒருவரையொருவர் படிக்கிறார்கள். ஒவ்வோர் எழுத்திலும் நின்று என்னைப் படித்தவள் அக்கா ஒருத்திதான். அவள் வராமல் போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. பாசம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

அவள் சொன்னதுதான் சரி என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்கிறீர்கள். நியாயம். ஆனால் இந்தத் தாளை அவள் ஒருத்தி படித்து என்ன பயன்? அவளைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒன்பதாயிரம் பேர். அவர்களுக்கும்தானே தெரிய வேண்டும்? அதனால் இது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, இன்று காலை ஒன்பது மணிக்கு, எல்லாவற்றையும் சுருக்கி 'நாலே வரி'யில் போட்டுவிட்டேன். நான் செய்தது, அக்காவின் பெயர், புத்தகம், வேலை போனது, ஒன்றையும் மறைக்கவில்லை. உங்கள் கல்யாண நாளன்று எடுத்த, அவள் சிரித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தையும் சேர்த்திருக்கிறேன். முகம் தெரிந்தால்தான் மக்கள் நிற்பார்கள். ஒரு மனிதன் இதைவிடப் பெரிதாக மன்னிப்புக் கேட்க முடியாது.

நான் சொல்வதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக, முயற்சியா முயற்ச்சியா என்று கீழே ஒரு வாக்கெடுப்பும் வைத்தேன். மாலை ஆறு மணிவரை நேரம் இருக்கிறது. இதுவரை நாற்பதாயிரம் பேர் வாக்களித்திருக்கிறார்கள், அதில் அறுபத்தொரு சதவீதம் அழுத்தொற்றுக்குத்தான். இதை எழுதும்போது நானும் அந்தச் சொல்லை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தில் அக்கா போட்டது சரிதானோ, அவசரப்பட்டு வேலையை விட்டுவிட்டாளோ என்று எனக்கே இப்போது தோன்றுகிறது.