பதிவாகாத திருத்தம்

மிசல் என்ற பயறுக் குழம்பு காரமாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். என்னோடு வேலை பார்க்கும் அமேய்க்குத் தயிர் இல்லாமல் இறங்காது. கல்லூரி நாளிலிருந்தே புணேயில் எங்கள் காலைச் சாப்பாடு பெரும்பாலும் சேர்ந்துதான். அப்படி ஒரு காலையில்தான் எங்கள் கம்பெனியின் மருந்துப் பம்பில் பிழை இருப்பதை அவனிடம் சொன்னேன். நோயாளியின் நரம்பில் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து ஏற்றும் இயந்திரம் அது. கரண்ட் போய் வந்தால், ஏற்றியதை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். எப்படித் திருத்துவது என்பதையும் சொன்னேன்.

அந்த வாரக் கூட்டத்தில் அமேய் எழுந்து, தான் கண்டுபிடித்ததாகச் சொன்னான். மேலாளர் கை தட்டினார். "வ்ருஷாலியும் ஹெல்ப் பண்ணா," என்றான் என்னைப் பார்த்து. அந்த 'உம்'மை என்னால் விழுங்க முடியவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"யார் சொன்னா என்ன? நமக்குள்ள என்ன நீ, நான்னு?" என்று சிரித்தான்.

திருத்தத்தை அவனே எழுதினான், சோதித்தும் பார்த்தான். அதைக் கமிட் செய்ய, அதாவது எல்லோருக்கும் பொதுவான நிரலில் தன் பெயரில் பதிய, எடிட்டரைத் திறந்தபோது போன் வந்தது. மனைவிக்கு வலி எடுத்துவிட்டது.

"என்ன மாத்தினோம்னு ரெண்டு வரி எழுதி மூடி, அனுப்பிடு. சாயங்காலம் ஆஸ்பத்திரிகளுக்கு வெர்ஷன் போகுது," என்று ஓடினான்.

எழுதினேன். நன்றாகவே எழுதினேன். பிறகு அழித்தேன். ஒன்றும் எழுதாமல் எடிட்டரை மூடினால் பதிவு ரத்தாகிவிடும். ஆனது. அவன் கணினியில் மிச்சமிருந்த திருத்தத்தையும் நீக்கினேன். அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை.

"முடிஞ்சுது. நீ குழந்தையப் பாரு," என்று போனில் சொன்னேன். பெண் குழந்தை. ஆபீசில் எல்லோருக்கும் பர்ஃபி கொடுத்தான்.

சாதாராவில் ஓர் ஆஸ்பத்திரியில் கரண்ட் போய் வந்தது. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஷைலஜா ஜாதவ் என்ற பள்ளி ஆசிரியைக்கு வலி மருந்து மறுபடி முழுதாக ஏறியது. தூக்கத்திலேயே போய்விட்டார். வலி தெரிந்திருக்காது.

அமேய் என்னிடம் வந்தான். "முடிஞ்சுதுன்னு சொன்னியே?"

"நான் மூடினேன். நீ எல்லாத்தையும் சரியாச் சேத்தியான்னு எனக்கு எப்படித் தெரியும்? அன்னிக்கு நீ இருந்த பதட்டம் உனக்கு ஞாபகம் இருக்கா?"

வெகுநேரம் யோசித்தான். "நான்தான் எதையாவது விட்டிருப்பேன்," என்றான். அழுதான். தண்ணீர் கொடுத்தேன்.

தவறு முழுக்கத் தன்னுடையது, வேறு யாருக்கும் பங்கில்லை என்று அவன் உங்களிடம் எழுதிக் கொடுத்ததாக நேற்றுதான் கேள்விப்பட்டேன், இன்ஸ்பெக்டர் மேடம். அதனால்தான் நானே வந்தேன். எத்தனை முறைதான் பொறுப்பது? அந்த ஆசிரியை செத்தது என்னால். யாராவது சாகலாம் என்று தெரிந்தே செய்தேன். அவன் பெயரை அடித்துவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வ்ருஷாலி திகம்பர் கேல்கர். எழுத்துப் பிழை இல்லாமல்.