வலப்பக்கப் பொத்தான்

அப்பா தேநீரில் நான்கு கரண்டி சர்க்கரை கேட்பார். மருத்துவர் ஒன்றுகூடக் கூடாது என்றார். நான் இரண்டு போடுவேன். இரண்டு பேர் பேச்சையும் கொஞ்சம் கேட்கிறவன் நான், ஐயா.

கைபேசிச் செயலிகளில் வரும் பொத்தான்களின் பெயர்களை ஆங்கிலத்திலிருந்து அரபிக்கு மாற்றுவது என் வேலை. அரபி வலமிருந்து இடமாக ஓடுவதால் திரையும் கூடவே திரும்பிக்கொள்ளும். இடது பொத்தான் வலப்பக்கம் போய்விடும்.

தனியாக வாழும் முதியவர்களுக்கான செயலி ஒன்று வந்தது. இடது பொத்தான், நலமாக இருக்கிறேன். வலது, உதவி வேண்டும். எதை அழுத்தினாலும் பிள்ளைக்குச் செய்தி போகும். ஆங்கிலப் பதிப்பை அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை நோயில் அவருக்குக் கண் மங்கிவிட்டது. ஆனால் அலெக்சாண்டிரியாவில் முப்பத்தொரு வருடம் டிராம் ஓட்டிய கை.

“இடது ஓட்டம், வலது பிரேக். இதுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கிறாங்க, ராஃபத்?”

அதன்பின் தினமும் பிரேக் பிடித்தார். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். தலையணை கீழே கிடக்கும்.

“இதுக்கா கூப்பிட்டீங்க, பாபா?”

“அதுக்குக் கால் இருந்தா உன்னை ஏன்டா கூப்பிடுறேன்? உக்காரு. வந்தவன் டீ குடிச்சிட்டுப் போ.”

இரண்டு வருடம். யாரும் கூப்பிடாத மூன்று நாள் எனக்கு வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை அரபிப் பதிப்பை அவர் கைபேசியில் ஏற்றினேன். தாய்மொழியில் இருக்கட்டுமே. பொத்தான்கள் இடம் மாறியதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று நேற்று உங்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். மறக்கவில்லை. அவரே கேட்டார்.

“என்னடா நோண்டுற? எல்லாம் அதே மாதிரிதானே?”

“அதேதான், பாபா.”

தேநீர் போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். “நாலு கரண்டியா? இன்னிக்கு என்னடா விசேஷம்?”

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது. நலமாக இருக்கிறேன். இரண்டு நிமிடத்தில் மறுபடி. நாற்பது நிமிடத்தில் பதினோரு தடவை. அந்த வாக்கியம் நான் எழுதியது. நன்றாகவே வந்திருந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு உம்மு ஷாபான் கதவை உடைக்கச் சொன்னாள். குளியலறை வாசலில் அப்பா இறந்து கிடந்தார். கட்டைவிரல் திரையின் வலப்பக்கத்திலேயே இருந்ததாம்.

அப்பா என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, ஐயா. பதினோரு தடவை நலம் என்று சொன்னார். நான் நம்பினேன்.