மூன்றாவது தட்டு

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்து. என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள், மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இளையவள் மடியில் ஒரு புது எவர்சில்வர் தட்டு.

"இன்னாமே, யாருக்குச் சீர்வரிசை?" என்றாள் பெரியவள்.

"என் மூணாவதுக்குக்கா. இஸ்கூல்ல சோறு துன்ன."

"ஏன், இத்தினி நாளு தட்டு இல்லாமயா துன்னுச்சு?"

"பிரசவப் பணம் ரெண்டு புள்ளைக்கு மேல கெடையாதுன்னாங்கல்ல. சோறும் அப்டித்தான்னு நெனச்சிட்டேன். ஏரியில வலை போடவே வூட்டுக்கு ஒரு மொறதானே வுடறாங்க. அதான், அக்காங்க தட்டுல துன்னுக்கோடின்னு அனுப்பிட்டேன்."

"அடிப்பாவி."

"சமைக்கிற ஆயாம்மா பாத்துட்டு இவளுக்குன்னு ஒரு தட்டு குடுத்துத் தனியா ஒக்கார வச்சாங்களாம். எத்தினியாவது புள்ளன்னு கேக்கவே இல்லக்கா. முழு முட்டை வச்சாங்களாம். இது துன்னாம அக்காங்களையே பாத்துனு இருந்துச்சாம், எப்பப் பங்கு போடுவாங்கன்னு."

திருப்பாலைவனம் தாண்டியதும் பெரியவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"அப்பால?"

"முழுசும் ஒனக்குத்தான்டி, துன்னுன்னாங்களாம்."

பெரியவள் தட்டை வாங்கினாள். விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகளை விரலால் மெல்லத் தடவினாள்.

"இன்னா போட்டுகீது?"

"தேவிகான்னு. அவ பேரு மட்டும்தான்க்கா."